மேசை தாங்கிய டம்ளர்

கோயம்புத்தூரில் ஒரு ரைஃபிள் கிளப். அங்கே இலக்கு அட்டை மாற்றும் மரகதத்துக்குப் பதற்றம் வந்தால் கை நடுங்கும். உள்ளரங்கில் ரைஃபிளை மேசைமேல் வைத்துச் சுடும் போட்டிக்குப் பெயர் கொடுக்க வந்திருந்தாள். பதிவு முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது.

செயலாளர் ராஜவேலு அவள் விரல்களைப் பார்த்தார். "இந்தக் கைக்கு மோர் கடையற வேலைதான் பொருத்தம், அம்மிணி."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மேசைமேல் ஒரு டம்ளரை வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார்.

"அஞ்சு நிமிஷம் இது சொட்டு சிந்தாம நிக்கணும். நின்னா உன் படிவத்துல கையெழுத்துப் போடறேன்."

மரகதம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, டம்ளரைத் தொடாமலே நின்றாள். கடிகாரத்தில் ஐந்து நிமிடம் கடந்தது. தண்ணீர் அசையவில்லை.

"ஏன், கையில எடுக்கலையா?"

"மேசைதான் தாங்குதுங்களே சார். போட்டியில ரைஃபிளையும் அதுதானுங்க தாங்கப்போகுது."

"கையில பிடிக்கணும்னுதான் அர்த்தம்."

"அப்படீன்னா நீங்க ஒருக்கா பிடிச்சுக் காட்டுங்க சார்."

ராஜவேலு கையை நீட்டினார். வரிசை முழுவதும் அந்தக் கையையே பார்த்தது. விரல் பட்டதும் தண்ணீர் விளிம்பில் சிலிர்த்தது. கையை மெல்ல இழுத்துக்கொண்டு, பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அதன் கீழே மரகதமும் போட்டாள். கோணல்மாணலாகத்தான் விழுந்தது.