வேங்கையின் உதை

தமீம் கதவைத் தள்ளிய வேகத்தில் மேசைமேல் இருந்த டீ தளும்பியது.

"இது போட்டியா, கூத்தா மாஸ்டர்?"

பெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள். திருச்சியில் நடந்துகொண்டிருந்த அந்த வீடியோ கேம் சண்டைப் போட்டிக்கு அவள்தான் தலைமை நடுவர். தமீமுக்கு அவளே குருவும். வயதில் அவனைவிட இளையவள்.

"உட்காருங்கண்ணே."

"உட்கார வரல. அரையிறுதியில என்னைத் தோற்கடிச்ச கரூர்ப் பொண்ணை வெளியே அனுப்புங்க. புகார் கொடுத்துட்டேன்."

அந்த விளையாட்டில் பன்னிரண்டு வீரர்கள் உண்டு. ஆளுக்கொரு பாணி. வேண்டுமென்றால் அவர்களுடைய அடி, உதை, பாய்ச்சல்களைப் பொறுக்கிச் சேர்த்துப் புதிதாக ஒருவரை உருவாக்கியும் ஆடலாம். கரூர்ப் பெண் அப்படித்தான் ஒரு வீராங்கனையைச் செய்து கொண்டுவந்திருந்தாள்.

"நாலு வருஷம் மாஸ்டர்! யார் எப்போ கை ஓங்குவான், எப்போ குனிவான்னு சோறு தண்ணியில்லாம படிச்சேன். இவ வீட்டுல உட்கார்ந்து எவளையோ செஞ்சு கொண்டு வருவா. முன்னப்பின்னப் பார்க்காத உதையை எவன் தடுப்பான்?" குரல் உடைந்தது. "நீங்களும் வாய மூடிக்கிட்டா நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

பெனிட்டா மூலையில் இருந்த விளையாட்டுத் திரையை இயக்கினாள். அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து எதையோ தேர்ந்தெடுத்தாள். பிறகு ஒரு கன்ட்ரோலரை நீட்டினாள்.

"ஒரு ஆட்டம்."

பன்னிரண்டு வீரர்களில் வேங்கை என்பவனைத் தமீம் எடுத்தான். வேறு யாரையும் அவன் எடுத்ததில்லை. அவன் எதிரே வேங்கையை எடுக்க யாரும் துணிந்ததுமில்லை.

திரையில் பச்சைச் சேலையை இழுத்துச் செருகிய குண்டு அம்மாள் ஒருத்தி வந்து நின்றாள். நின்றவள் குதித்தாள். காற்றிலேயே திரும்பிப் பின்காலால் உதைத்தாள். தடுக்கக் கை தூக்கினால் காலை வாரினாள். குனிந்தால் மறுபடி அதே உதை.

வேங்கை எழுந்திருக்கவேயில்லை.

"பாருங்க, நீங்களே பாருங்க!" தமீம் கன்ட்ரோலரை விட்டெறிந்தான். "இந்த உதையை மனுஷன் தாங்குவானா? இதை வச்சு ஆடுறவங்களுக்கு ஈவு இரக்கம் இருக்கா? எங்கேருந்து பிடிச்சீங்க இந்த அநியாயத்தை?"

"முகத்தையும் சேலையையும்தான் நான் மாத்தினேன். மத்ததெல்லாம் உங்க வேங்கையோடது."

"சும்மா சொல்லாதீங்க மாஸ்டர்."

அவள் அந்த உதையை மெதுவாக ஓடவிட்டாள். குதிப்பு. திருப்பம். பின்கால்.

தமீமின் கட்டைவிரல், பழகிய பொத்தான்களை அழுத்துவதுபோலத் தானாக அசைந்தது.

வெளியே ஒலிபெருக்கியில் இறுதி ஆட்டத்துக்கு அழைத்தார்கள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "என் புகாருக்கு என்ன தீர்ப்பு சொல்லப் போறீங்க?" என்றான்.

பெனிட்டா எழுந்தாள்.

"நாலு வருஷமா இந்த உதையை உங்ககிட்ட வாங்கினவங்க யாராவது புகார் கொடுத்தாங்களாண்ணே?"