சிறுத்தை கேட்ட மோலா

பனாமா நாட்டுக் கடலோரத்தில் ஒரு காடு. அந்தக் காட்டில் ஒரு சிறுத்தை இருந்தது. தன்னைப் போல அழகு வேறு யாருக்கும் இல்லை என்று அதற்கு நினைப்பு.

காட்டுக்கு எதிரே ஒரு தீவு. அங்கே குணா இனத்துப் பெண் இனாதிலி வாழ்ந்தாள். பல நிறத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவாள். மேல் துணியை வெட்டி ஓரம் மடித்து, அடியில் உள்ள நிறம் தெரியும்படி தைப்பாள். அதிலே உருவங்கள் எழும். அந்தத் துணிக்கு மோலா என்று பெயர். அவள் ரவிக்கையில் ஆமையும் நண்டும் கூழைக்கடாவும் இருந்தன.

தீவில் குடிநீர் இல்லை. இனாதிலி படகில் வந்து காட்டாற்றில்தான் குடம் நிரப்புவாள். ஒருநாள் சிறுத்தை அவளை மறித்தது.

“இனி என்னை மட்டும்தான் தைக்க வேண்டும். துணி முழுக்க நானே இருக்க வேண்டும். இல்லையென்றால் உனக்குத் தண்ணீர் கிடையாது” என்றது.

இனாதிலி வெறுங்குடத்தோடு திரும்பினாள். வீட்டில் குழந்தைகள் தாகத்தோடு காத்திருந்தார்கள். கரையில் இருந்த நண்டு நடந்ததைக் கேட்டறிந்தது. சற்று யோசித்து, அவள் காதில் ஒரு வழி சொன்னது.

அன்று மாலையே இருவரும் ஆற்றுக்குப் போனார்கள். வெட்டாத மஞ்சள் துணி ஒன்றை இனாதிலி விரித்துக் காட்டினாள்.

“இதில் நான் எங்கே?” என்றது சிறுத்தை.

“முழுக்க நீங்கள்தான்” என்றது நண்டு.

“என் காது எங்கே?”

“காது தெரிய வேண்டுமானால் அதை ஒட்டி வேறு நிறம் வேண்டும். அங்கே வேறு யாராவது வரலாமா?”

சிறுத்தை துணியில் தன்னைத் தேடித் தேடிப் பார்த்தது. பிறகு, காதருகே கூழைக்கடா இருக்கட்டும் என்று மெல்லச் சொன்னது. வயிறு தெரிய அதன் கீழே ஆமைக்கு இடம் விட்டது. பாதம் தெரிய நண்டையும் சேர்த்துக்கொண்டது. இனாதிலி குடம் நிரப்பிப் புறப்பட்டாள்; அதற்குப் பிறகு அவளை யாரும் தடுக்கவில்லை.

சில வாரங்களில் புது மோலாவை அணிந்து வந்தாள். காதும் வாலும் புள்ளிகளுமாகத் துணியில் சிறுத்தையின் உருவம் பளிச்சென்று நின்றது. அதைப் பார்த்த சிறுத்தைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தூரத்தில் கரையோரம் இருந்த ஆமையும் இதைப் பார்க்க வேண்டும் என்று அதைக் கூப்பிட்டது. ஆமை மெல்ல நடந்து வந்து சேரும் வரை இனாதிலியைக் காத்திருக்கச் சொல்லி, தானும் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

நீதி: பிறருக்கு இடம் கொடுக்கும்போதுதான் நம் அழகும் வெளியே தெரியும்.