எங்கே அடைத்தாலும் ஒழுகுகிற மெஷின்

"எங்க அடைச்சாலும் வேற பக்கம் ஒழுகுது அம்மணி. இனி என்னால முடியாது."

காங்கிரீட் கலவை மெஷினை டெம்போவிலிருந்து இறக்கியதும் குழந்தைவேலு சொன்ன முதல் பேச்சே இதுதான். அவருக்கு வயசு ஐம்பத்திரண்டு. கேட்டுக்கொண்டிருந்த சபுராவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் எஞ்சினில் ஆயில் ஒழுகுகிறது என்று வந்துவிட்டால், பொள்ளாச்சிப் பக்கத்துப் பெரிய மெக்கானிக்குகளும் அவள் பட்டறை வாசலில்தான் கைகட்டி நிற்பார்கள். வித்தைக்கு வயசு ஏது?

"என்னென்ன மாத்துனீங்கண்ணா?"

"சீல் மூணு தடவை. கேஸ்கெட் ரெண்டு தடவை. முன்னால அடைச்சா பின்னால வருது. பின்னால அடைச்சா பக்கத்துல வருது. தளம் போடறப்ப ஆயில் வத்திப் பாதியில நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடறதில்ல."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்றால் மனுஷன் இப்படி உடைந்து போயிருக்க மாட்டார்.

"எம் பொண்டாட்டி மயிலாத்தா அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. நாலு மாசமாச்சு. இருபது வருஷம் இந்த மெஷினுக்கு ஜல்லி கொட்டுனவ. வேலையே இல்லாத வீட்டுல எந்தப் பொண்டாட்டி இருப்பா? இது சரியானா வந்துருவா. ஆகலைன்னா…"

முடிக்கிற தைரியம் அவருக்கு இல்லை.

சபுரா ஸ்பேனரைத் தொடவில்லை. டீசல் விட்டு எஞ்சினைக் கழுவினாள். ஈரம் போகத் துடைத்தாள். முகத்துக்குப் பூசுகிற பவுடரை எடுத்து வந்து எஞ்சின் முழுக்கத் தட்டினாள்.

குழந்தைவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடியே முழுகிக்கிடக்கிறது, இவள் எஞ்சினுக்குச் சிங்காரம் செய்கிறாள்!

"ஓட்டுங்க," என்றாள்.

ஓட்டினார்.

"துடைக்காதீங்க. சும்மா பாருங்க."

முன்பக்கம் பவுடர் நனைந்தது. பிறகு பின்பக்கம். பிறகு பக்கவாட்டில். மூன்றும் ஒரே நிமிஷத்துக்குள்.

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "மூணு எடமா? காயலாங்கடையில போட்டுட்டுப் போறேன், விடு அம்மணி. என் தலையெழுத்து."

"மூணு இல்லீங்கண்ணா. ஒண்ணுதான்."

அவள் எஞ்சினை நிறுத்தினாள். மேலே, பவுடர் கொஞ்சமும் நனையாத ஓர் இடத்தில் விரலை வைத்தாள். அங்கே ஒரு போல்ட் இருந்தது.

"இதை யாருங்க அடிச்சது?"

"நாந்தான். அந்தத் துளையில புகையும் பிசுக்குமா வந்துட்டே இருந்துச்சு. பாக்கறதுக்கு அசிங்கம். போல்ட்டை முடுக்கி, மேல பசையும் வச்சுப் பூசிட்டேன். அதுக்கப்புறம் அங்க ஒரு சொட்டு வந்ததில்ல."

"எப்ப?"

"மூணு வருஷம் இருக்கும்."

"ஒழுக ஆரம்பிச்சது?"

"அதுவும் மூணு வருஷந்தான்," என்றார் குழந்தைவேலு.

"அது எஞ்சின் மூச்சு விடற துளைங்கண்ணா," என்றாள் சபுரா. "அதை அடைச்சா உள்ள அழுத்தம் ஏறி, கெடைச்ச பக்கமெல்லாம் ஆயிலைத் தள்ளிரும்."

பசையைச் சுரண்டி, போல்ட்டைக் கழற்றினாள். மறுபடியும் கழுவினாள், மறுபடியும் பவுடர் தட்டினாள். எஞ்சின் அரை மணி நேரம் ஓடியது. துளையில் மட்டும் லேசாகப் புகை வந்தது. வேறு எங்கும் பவுடர் நனையவில்லை.

சபுரா எஞ்சினை நிறுத்தினாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. போனை எடுத்து மயிலாத்தாளின் நம்பரை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா போறப்ப என்னங்க சொல்லிட்டுப் போனாங்க?"

"அவளா? அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. முன்னெல்லாம் நொய்நொய்னு எதாச்சும் சொல்லிட்டே இருப்பா. ஆனைமலையில ஒரு வேலை. ஆளுங்க அத்தனை பேர் இருக்கறப்ப என்னமோ சொல்ல வந்தா. வாய மூடுடின்னு ஒரு அதட்டு அதட்டுனேன். பதினஞ்சு வருஷம் ஆச்சு. அன்னையிலிருந்து ஒரு குறை சொன்னதில்ல. எங்க வீட்டுல சத்தமே…"

அவர் கண் சபுரா கழற்றி வைத்த போல்ட்டின் மேல் நின்றது.

சபுரா கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டாள்.

போனில் மயிலாத்தாள், "ம்," என்றாள்.

மெஷின் சரியாகிவிட்டது, கிளம்பி வா. அதைச் சொல்லத்தான் அவர் போன் போட்டார். இப்போது அது வாயில் வரவில்லை.

"மயிலா, அன்னிக்கு ஆனைமலையில என்ன சொல்ல வந்தே?"

அவர் காத்திருந்தார்.

"மூணு மாசம் முழுகாம இருந்தேனுங்க," என்றாள் அவள். "வலிக்குது, ஜல்லிக்கூடை தூக்க முடியலைன்னு சொல்ல வந்தேன். அன்னிக்கு ராத்திரியே கலைஞ்சிருச்சுங்க."