தன்னோடு ஆடித் தோற்ற ராஜா

வெகு காலத்துக்கு முன்னால் வெள்ளாற்றூர் நாட்டை மகுடவாணன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்கு வேட்டையும் வேண்டாம், விருந்தும் வேண்டாம். ஆடுபுலி ஆட்டம் ஒன்று போதும். எப்போதும் புலிக்காய்கள் அவனுக்கு, ஆட்டுக்காய்கள் எதிரே உட்காருகிறவருக்கு. புலி ஆடுகளைத் தாண்டித் தாண்டி வெட்டும். ஆடுகள் சேர்ந்து புலிகளை நகரவிடாமல் வளைத்துக் கட்டிவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி.

அப்படி ராஜாவைக் கட்டியவன் ஒரே ஒருவன்தான். குதிரை லாயத்து முத்தரசன். அன்றைக்கே ராஜா அவனை எல்லைக்கு வெளியே துரத்திவிட்டான். "ராஜாவைத் தோற்கடிப்பவருக்கு இந்த மண்ணில் இடமில்லை" என்று தண்டோராவும் போட்டாயிற்று. அதற்கப்புறம் எவருக்குத் துணிச்சல் வரும்? ஆடுகளைத் தாங்களே கொண்டுபோய்ப் புலி வாயில் வைத்தார்கள். அதில் மகா கெட்டிக்காரர் பொக்கிஷ அதிகாரி விருத்தகிரி. தோற்றுவிட்டு, "ஐயோ, இப்படி ஒரு மூளையா!" என்று தலையிலும் அடித்துக்கொள்வார்.

எல்லாரும் கைதட்டுவார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பெரிய மண்டபத்தில் ராஜா தனியாகக் காய்களைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஜெயித்த சந்தோஷம் ஏன் உடனே வடிந்துபோகிறது என்று அவனுக்கு விளங்கியதே இல்லை.

இப்படி இருக்கும்போது பக்கத்து நாட்டு ராணி செண்பகவல்லியிடமிருந்து தூது வந்தது. "எல்லை ஏரிக்காகப் படை திரட்டி ஜனங்களைச் சாகடிக்க வேண்டாம். ஆடுபுலி ஆடித் தீர்த்துக்கொள்வோம். ஒரு ஆட்டத்தில் உமக்குப் புலி, மறு ஆட்டத்தில் உமக்கு ஆடு. சமமானால் மூன்றாவது ஆட்டம். ஜெயித்தவருக்கு ஏரி."

"ஏரி நமக்குத்தான்!" என்று ராஜா தொடையைத் தட்டினான்.

அமைச்சர் குழைக்காதர் தொடையைத் தட்டவில்லை. ஏரி போனால் கிழக்குச் சீமை முழுக்கக் காய்ந்துவிடும். ராஜாவுக்கோ ஆடத் தெரியாது. அதைச் சொல்கிறவருக்கு ஊரில் இடம் கிடையாது. யோசித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"மகாராஜா, கொஞ்சம் பழகிக்கொள்வது நல்லது."

"யாரோடு பழகச் சொல்கிறீர்?"

"எங்களில் எவருக்கும் அந்தத் தகுதி இல்லை. தங்களுக்குச் சமம் தாங்கள்தான். புலியையும் தாங்களே நகர்த்துங்கள், ஆட்டையும் தாங்களே நகர்த்துங்கள்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்தான். முதல் ஆட்டத்திலேயே ஆடுகள் புலிகளை மூலையில் கட்டிவிட்டன. ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. காய்களை வாரி இறைத்தான். சுற்றும்முற்றும் பார்த்தான். கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை. தானே குனிந்து காய்களைப் பொறுக்கினான். 'புலியை மூலைக்கு ஏன் கொண்டுபோனேன்?' என்று முதல்முறையாக யோசித்தான். மறுபடி ஆடினான். இந்தத் தடவை ஆடு தோற்றது. இரண்டு பக்கமும் அவனே என்பதால் எப்படி ஆடினாலும் ஒரு பக்கம் தோற்றான். ஒவ்வொரு தடவையும் எங்கே பிசகியது என்று தேடினான். நாட்கணக்கில் அந்தக் கதவு திறக்கவில்லை.

அமைச்சர் மேல் விருத்தகிரிக்கு ரொம்ப நாளாகவே புகைச்சல். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். மறுநாள் சபை கூடியதும் எழுந்தார்.

"மகாராஜா! தாங்கள் தோற்றதை என் கண்ணால் பார்த்தேன். எல்லாம் இந்த அமைச்சர் செய்த சதி! தோற்கடித்தவரை நாடு கடத்த வேண்டும் என்பது தங்கள் சட்டம்!"

"என்ன சொல்கிறீர், அமைச்சரே?" என்றான் ராஜா.

குழைக்காதர் கைகூப்பினார். "சட்டம் சட்டம்தான். தோற்கடித்தவரை அனுப்பத்தான் வேண்டும். பல்லக்கு தயாராக இருக்கிறது. மகாராஜா எந்தத் திசையில் எழுந்தருளப் பிரியப்படுகிறார்?"

ராஜா முதலில் விழித்தான். அப்புறம் சிரித்தான், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். கண்ணைத் துடைத்தபோது சிரிப்பு போய்விட்டிருந்தது.

"இத்தனை வருஷமாக நான் ஒருவரையும் ஜெயிக்கவில்லை. அப்படித்தானே?"

"அப்படித்தான், மகாராஜா."

"ஏன் சொல்லவில்லை?"

"பயம். எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள்."

"அப்படியானால் இந்த மண்டபம் நிறைய ஆள் இருந்தும் நான் ஒருவன்தான் ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன்" என்றான் ராஜா.

போட்டி நாள் வந்தது. முதலில் ராஜாவுக்கு ஆடு. தோற்றான். "ராணியம்மா ஏதோ சூது செய்துவிட்டார்!" என்று விருத்தகிரி கத்தினார்.

"உட்காரும் ஐயா. ஆட்டை நான்தான் அவசரப்பட்டு இறக்கிவிட்டேன்" என்றான் ராஜா. அடுத்த ஆட்டத்தில் புலியைப் பொறுமையாக நகர்த்தி ஜெயித்தான். மூன்றாவதில் சீட்டுப் போட்டதில் மறுபடியும் ஆடே வந்தது. ஆனால் புலி எங்கே ஆசைப்பட்டு வந்து மாட்டிக்கொள்ளும் என்பது தனியாகத் தோற்ற நாட்களில் அவனுக்குப் பழகிப்போயிருந்தது. மெல்ல மெல்ல வளைத்துக் கட்டினான். ஏரி மிஞ்சியது.

"யாரிடம் கற்றீர்கள்?" என்று ராணி ஆச்சரியப்பட்டாள்.

"தோற்றுத் தோற்றுத்தான் கற்றேன், அம்மா."

சட்டம் அன்றே ரத்தானது. முத்தரசனை அழைத்துவர ஆள் போயிற்று. "இங்கே எனக்கு வீடும் வேலையும் ஆகிவிட்டது. வரவில்லை என்று சொல்" என்று அவன் சொல்லி அனுப்பிவிட்டான். ராஜா அன்று முழுக்க ஆட்டப் பலகையைத் தொடவில்லை.

விருத்தகிரிக்கு ஒரு தண்டனை கிடைத்தது. தினமும் ராஜாவோடு ஆட வேண்டும், வேண்டுமென்றே தோற்கக் கூடாது. பாவம், பொய்யாகத் தோற்றே பழகியவருக்கு ஆட்டமே மறந்துபோயிருந்தது. சபை நடுவே வியர்த்து வியர்த்து நிஜமாகவே தோற்றார்.

"அமைச்சரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?" என்றான் ராஜா.

"என்னோடு ஒரு ஆட்டம், மகாராஜா. நிஜமான ஆட்டம்."

பொழுது சாயும்வரை ஆடினார்கள். கடைசியில் குழைக்காதரின் ஆடுகள் ராஜாவின் புலிகளைக் கட்டின. கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் சபை விழித்தது. ராஜா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து, முதல் ஆளாகத் தான் கைதட்டினான்.