பெரியதம்பியை மண்டியிட வைத்த சொல்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் தும்பிமலை நாட்டை வீரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி நாள் யாரையாவது யாரோடாவது மோதவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கொட்டிலில் முப்பது யானைகள், முப்பது பாகர்கள். வருஷத்துக்கு ஒருமுறை, "இவன்தான் முதல் பாகன்" என்று ஒரே ஒருத்தன் தலையில் சரிகைத் தலைப்பாகை கட்டுவான். மற்ற இருபத்தொன்பது பேரும் கைதட்டிவிட்டு யானை லத்தி அள்ளப் போக வேண்டும். இப்படிப் பண்ணினால் எவன் எவனுக்குச் சொல்லிக்கொடுப்பான்? ஆளுக்கொரு ரகசியச் சொல்லை யானைக்குப் பழக்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு யானை 'உலக்கை' என்றால் மண்டியிடும். இன்னொன்று 'மோர்மிளகாய்' என்றால்தான் மண்டியிடும்.

யானைகளுக்குக் கவளம் உருட்டுகிறவள் மூக்காயி. போன மழையில் ஒரு பாகன் கால் உடைந்து படுத்திருந்தபோது அவன் யானை சேற்றில் சிக்கியது. மண்டியிட வைத்துக் கயிறு கட்ட அதன் சொல் தெரியாமல் மற்றவர்கள் கரையில் நின்று பார்த்தார்கள். யானை செத்தது. அதன் இடத்துக்கு வேறு யானை வந்துவிட்டது, ஆனால் அன்று அவளுக்கு வந்த கோபம் இறங்கவே இல்லை.

"நாளையிலேர்ந்து கவளம் வாங்க வர்றவன் இந்தச் சோத்து அண்டாகிட்ட உக்காந்து அவன் சொல்லை எல்லாருக்கும் சொல்லணும்" என்றாள்.

முதலில் முறைத்தார்கள். பிறகு ஒருத்தன் சொன்னான், அடுத்தவன் சிரித்தான், பத்தே நாளில் முப்பது சொல்லும் முப்பது பேருக்கும் தெரிந்துவிட்டது.

இது கொட்டில் அதிகாரி தாண்டவராயருக்குப் பொறுக்கவில்லை. பாகர்கள் முட்டிக்கொண்டிருந்தவரைக்கும் ஒவ்வொருவனும் அவரிடம் கோள் சொல்ல வருவான், கையில் பழக்கூடையோடு. இப்போது ஒருத்தனும் வரவில்லை. அவர் நேரே ராஜாவிடம் போனார்.

"கவளக்காரி தொழில் ரகசியத்தைத் திருடுறா மகாராஜா!"

மூக்காயியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"திருடுனா ஒருத்தன்கிட்ட குறையணுமே மகாராஜா. இங்க யாருக்கு என்ன குறைஞ்சுபோச்சு?" என்று கேட்டாள்.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. தாண்டவராயர் எழுதிக் கொடுத்த சட்டத்தை அப்படியே படித்தான். "யானைச் சொல்லைச் சொன்னவரும் கேட்டவரும் நாடு கடத்தப்படுவர். பாகர்களுக்கு இந்த ஒருமுறை மன்னிப்பு. நீ பொழுது சாயறதுக்குள்ள எல்லையைத் தாண்டு."

அவள் மூட்டை கட்டப் போனாள். அழவில்லை.

அன்றைக்குத்தான் நகர்வலம். பட்டத்து யானை பெரியதம்பிமேல் ராஜா ஊரைச் சுற்றினான். தாகத்துக்கு நான்கு இளநீர் குடித்தான். பாகன் சடையன் மத்தியானம் அரைவேக்காட்டுக் கருணைக்கிழங்குக் குழம்பு சாப்பிட்டிருந்தான். அரண்மனை வாசலுக்குத் திரும்புவதற்குள் தொண்டை வீங்கி, குரல் அடைத்தது. தண்ணீர் தேடிக் கீழே குதித்தான், அவ்வளவுதான்.

பெரியதம்பி மண்டியிட மாட்டேன் என்று நின்றது. ஏணி வைத்தார்கள். தூக்கி எறிந்தது.

சடையன் தலையில் முக்காடு போட்டு, இடுப்பில் கைவைத்து, விரலை ஆட்டி நடித்துக் காட்டினான். "கூத்தாடவா நேரம்?" என்று தாண்டவராயர் கத்தினார்.

"ஏண்டா, முப்பது பாகன் இருந்தும் ஒருத்தனுக்கும் தெரியாதா?" ராஜா மேலிருந்து அலறினான். இளநீர் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது.

பாகர்கள் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூட்டையோடு வாசலைத் தாண்டப் போன மூக்காயி திரும்பினாள்.

"தெரியும் மகாராஜா. எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப சொல்லித் தொலையேன்!"

"சொல்லலாம். சொன்னவரும் கேட்டவரும் நாடு கடத்தப்படுவர். எனக்கென்ன, மூட்டை கட்டியாச்சு. நீங்க கட்டிட்டீங்களா?"

கூட்டத்தில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான்.

"திமிரைப் பாருங்க! ரெண்டு உதை விட்டா சொல்லிடுவா" என்றார் தாண்டவராயர்.

"உதைச்சுக் கேட்டாலும் கேட்டது கேட்டதுதான்யா. நீங்கதானே எழுதுனீங்க?"

ராஜா காலை இறுக்கிக்கொண்டான். "உனக்கு என்னதான் வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். சட்டத்தை எடுங்க. அந்த ஒத்தைத் தலைப்பாகையும் வேணாம். தினமும் உச்சிப்பொழுதுல ஒரு நாழிகை வேலையை நிறுத்துங்க, எல்லாரும் அண்டாகிட்ட உக்காரட்டும். நீங்களும் வந்து உக்காருங்க."

"நானா? பாகன்கிட்ட கத்துக்கவா?"

"இப்ப மட்டும் என்ன பண்றீங்க?"

ராஜா பல்லைக் கடித்தான். தாண்டவராயரைப் பார்த்தான், அவர் வானத்தைப் பார்த்தார். 

"சட்டம் ரத்து! எல்லாம் சரி! சொல்லு!"

"'ஐயையோ மாமியார் வந்தாச்சு.' மேலேருந்து சொன்னாத்தான் மண்டி போடும், நீங்களே சொல்லுங்க."

ராஜா மேல்மாடத்தைப் பார்த்தான். ராணியின் அம்மா அங்கேதான் நின்றிருந்தாள். மெதுவாக முணுமுணுத்தான். யானை காதை ஆட்டியது.

"அதுக்குக் கேக்கலையாம்" என்றாள் மூக்காயி.

"ஐயையோ மாமியார் வந்தாச்சு!"

பெரியதம்பி பொத்தென்று மண்டியிட்டது. ராஜா ஓடிய ஓட்டத்தை நாடே பார்த்தது.

மறுநாள் சட்ட ஓலை அண்டாவுக்கு அடியில் எரிந்தது. சரிகைத் தலைப்பாகை முப்பது துண்டானது. ராஜா இரண்டு பாகர்களுக்கு நடுவில் சம்மணம் போட்டுப் பதிமூன்றாவது சொல்லைத் தப்புத்தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தாண்டவராயரை வேறொரு யானைமேல் ஏற்றி உட்கார வைத்திருந்தான். "கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க" என்பது உத்தரவு.

அவர் கேட்பாரா? "மாமியார் வந்தாச்சு!" என்று விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தார். அந்த யானை கரும்பு தின்றுகொண்டிருந்தது.

உச்சி வெயில் மண்டையைப் பிளந்தபோதுதான் குரல் இறங்கியது. "ஏம்மா மூக்காயி... இதுக்கு என்ன சொல்லும்மா?"

"என்னை மட்டும் ஏன்யா கேக்குறீங்க? எல்லாரையும் கேளுங்க."

கேட்டார். முப்பது பாகர்களும் ஒரு ராஜாவும் ஒரே குரலில் கத்தினார்கள்: "மோர்மிளகாய்!"