ஒரு கை இல்லாத ஸ்வெட்டர்

ஏ குட்டி, காலை உள்ள இழு. கம்பளிக்கு வெளிய பாதம் தெரிஞ்சா பெரியம்மா கதை சொல்ல மாட்டேன். இழுத்துட்டியா? சரி. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னுச்சுன்னா நானும் போய்ப் படுத்துடுவேன், ஆமா.

ஒரு மலையில ஒரு பின்னல்காரி இருந்தாளாம். பேரு வைரமணி. தேயிலைத் தோட்டத்துல வரிசையா கட்டியிருப்பாங்களே லைன் வீடு, அதுல அவ, அவ புருஷன் சிகாமணி, மாமியார்க்காரி முத்தாயி, மூணு பேரும் இருந்தாங்களாம். பகல்ல கொழுந்து பறிப்பா. சாயங்காலம் வந்து அடுப்புக்கிட்ட உக்காந்தான்னா, ரெண்டு ஊசியும் டிக் டிக் டிக் டிக்னு பேச ஆரம்பிச்சிடும். புருஷனுக்கு மஃப்ளர், மாமியாருக்கு சாக்ஸ், கட்டிக் கொடுத்த நாத்தனாருக்கு சால்வை. ஒரு வருஷம் ஆட்டுக்குட்டிக்குக் கூட சட்டை பின்னிட்டாளாம்! சிகாமணி சொல்லுவானாம், "விட்டா இவ அடுப்புக்கும் குல்லா போட்டுடுவா"ன்னு.

சிரிக்காத, சிரிச்சா தூக்கம் ஓடிடும். ம்?

இந்த முத்தாயி இருக்காளே, நல்லவதான். ஆனா வாயில ஒரு நல்ல வார்த்தை வராது. வைரமணி கல்யாணமாகி வந்த முதல் குளிர்லயே அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தா. கத்திரிப்பூ கலர். அதைப் போட்டுப் பார்த்துட்டு, "கை நீளம், கழுத்து இறுக்கம்" அப்படின்னாளாம். சொல்லிட்டு, பத்து வருஷமா அதைக் கழட்டவே இல்ல! குளிக்கறப்போ கழட்டுவா, துவைச்சுக் காயப் போடுவா, காஞ்சதும் மாட்டிக்குவா.

அப்புறம் என்னாச்சுன்னா, நாத்தனார் தெய்வானை தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தா. வைரமணிக்கு தலைகால் புரியல. வீட்டுல முதல் குழந்தை! ஆனா அந்த வீட்டு வழக்கம் என்ன தெரியுமா? குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி அதுக்குன்னு ஒரு துரும்பு கூட வாங்கக் கூடாது, செய்யக் கூடாது. பொறந்த பிறகும் பதினாறு நாள் பழைய துணிதான். வைரமணிக்குக் கை சும்மா இருக்குமா? யாருக்கும் தெரியாம வெள்ளை நூல்ல குல்லாவும் சாக்ஸும் சட்டையும் பின்னி, டிரங்குப் பெட்டி அடியில ஒளிச்சு வச்சுட்டா.

அப்போ மார்கழி. புல்லு மேல உப்பு கொட்டினாப்ல பனி உறைஞ்சு கிடக்குது. அந்தக் குளிர்ல, சொன்ன நாளுக்கு ஒரு மாசம் முன்னாடியே தெய்வானைக்குக் குழந்தை பொறந்துடுச்சு. பொண்ணு. எவ்வளவு இருக்கும்கறே? இதோ, என் முழங்கையிலருந்து விரல் வரைக்கும்தான். அழுகைன்னா ங்... ங்...னு, பூனைக்குட்டி மாதிரி.

ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் வச்சிருந்து அனுப்பினாங்க. நர்ஸம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. "அம்மா நெஞ்சோட சேர்த்தே வச்சுக்கணும். தலையும் காலும் மூடியே இருக்கணும். குளிர் பட்டா பால் குடிக்காது, எடை இறங்கிடும். மூணு நாள் கழிச்சு வந்து நிறுத்துப் பார்ப்பேன். இறங்கியிருந்தா மறுபடி ஆஸ்பத்திரிதான்."

வீட்டுல பழைய வேட்டித் துணி இருந்துச்சு, சுத்தினாங்க. அந்தக் குளிருக்கு அது எம்மாத்திரம்? பக்கத்து வீட்டுல ஒரு பழைய குல்லா வாங்கிட்டு வந்து போட்டாங்க. தொபுக்குனு மூக்கு வரைக்கும் இறங்கிடுச்சு! குழந்தையோட கால் ஜில்லுனு ஆயிடுச்சு. பாலும் சரியா குடிக்கல.

முத்தாயி பதறிப்போய், பழந்துணி தேடறேன்னு டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தா. பொத்துனு விழுந்துச்சு வெள்ளைக் குல்லா.

"இது என்னடி?"

வைரமணி நின்ன இடத்துலயே நின்னா. "குழந்தைக்குத்தான் அத்தே. முன்னாடியே பின்னினேன்."

"முன்னாடியே பின்னினியா? அதான் குழந்தையும் முன்னாடியே வந்துடுச்சு! உன் கை சும்மா இருக்காதா?"

அப்படிச் சொல்லிட்டா, குட்டி. அந்த ஒரு சொல்லு வைரமணி நெஞ்சுல போய்க் குத்திச்சு. அவளுக்கே பயம் வந்துடுச்சு, நம்மாலதானோன்னு. ஊசி ரெண்டையும் எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னாடி போட்டுட்டா. அன்னிக்கு வீட்டுல டிக் டிக் சத்தமே இல்ல.

ம்? முழிச்சிருக்கியா? நல்லது.

மறுநாள் காலையில தெய்வானை அழுதுக்கிட்டே கூப்பிட்டா. "அண்ணி, இவ காலைத் தொட்டுப் பாருங்க." தொட்டா, ஓடைக் கல்லு மாதிரி இருக்குது. உடனே வைரமணி அரிசிப் பானைக்கிட்ட ஓடினா. பயமாவது ஒண்ணாவது!

"அத்தே, பதினாறு நாளைக்குப் புதுசு ஆகாது. சரி. பழைய ஸ்வெட்டரைப் பிரிச்சு அந்த நூல்ல பின்னினா? நூல் பழசுதானே?"

முத்தாயி ஆமாங்கல, இல்லைங்கல.

சிகாமணி முதல்ல தன் ஸ்வெட்டரைக் கழட்டிக் கொடுத்தான். அவனுக்கு டீ ஃபேக்டரியில வேலை. சர்ர்ர்னு பிரிச்சு வெந்நீர்ல போட்டா, தண்ணி டிகாஷன் மாதிரி ஆயிடுச்சு! ஒரு இழையை மட்டும் அடுப்புக்கிட்ட காய வச்சு, கன்னத்துல தேய்ச்சுப் பார்த்தா. சுருக் சுருக். "அய்யய்யோ, இது பச்சைப்புள்ள தோலைக் கிழிச்சிடும்"னு வச்சுட்டா.

அப்புறம் தெய்வானை தன்னுதைக் கொடுத்தா. கடையில வாங்கினது, பார்க்க பளபளன்னு இருக்கும். இழுத்தா பட், இன்னொரு இழு பட். துணி மாதிரி வெட்டித் தைச்சது அது. முழம் நூல் கூட முழுசா வரல.

மூணாவதா என்ன இருக்கு? வைரமணி கண்ணு தானா முத்தாயி பக்கம் போச்சு. பத்து வருஷம் துவைச்சுத் துவைச்சுப் பஞ்சு மாதிரி ஆன கத்திரிப்பூ ஸ்வெட்டர். ஆனா கேக்க வாய் வரல. நேத்து வாங்கின சொல்லு போதாதா? தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

அப்போ சரசரன்னு ஒரு சத்தம். நிமிர்ந்தா, முத்தாயி ஸ்வெட்டரைக் கழட்டிக்கிட்டு நிக்கிறா! வெடவெடன்னு நடுங்குது கிழவிக்கு.

"பிரி."

"அத்தே, உங்களுக்குக் குளிருமே!"

"என் பேத்திக்குக் குளிருதே. பிரிடி."

"முழுசா வேண்டாம் அத்தே. ஒரு கை போதும், குல்லாவும் சாக்ஸும் வந்துடும்." ஒரு கையை மட்டும் தோளோட பிரிச்சு எடுத்துட்டு, மீதிப் பின்னல் அவிழ்ந்து ஓடாம முடிச்சுப் போட்டு, அவளுக்கே மாட்டி விட்டா. பிரிச்ச நூலைச் சுத்த ரெண்டு கை வேணுமே? முத்தாயி எதிர்ல உக்காந்து கையை நீட்டினா. வைரமணி சுத்திக்கிட்டே வந்தா. அப்படியே சுத்தச் சுத்த முத்தாயி சொன்னா,

"நேத்து நான் பேசினது தப்பும்மா. குழந்தை வர்ற நாளை ஊசியா முடிவு பண்ணுது? பயத்துல பேசிட்டேன். நீ மனசுல வச்சுக்காத."

வைரமணி சுத்தின நூல் கொஞ்சம் தடுமாறிச்சு.

அதை அலசி, அடுப்பு மேல கட்டிக் காய வச்சு, மத்தியானம் உக்காந்தா. டிக் டிக் டிக் டிக். குழந்தை தலைக்குப் பக்கத்துல பெரிய ஆரஞ்சுப்பழம் வச்சு அளவு பார்த்தாளாம், அவ்வளவு சின்னக் குல்லா! பொழுது சாயறதுக்குள்ள குல்லா, ரெண்டு சாக்ஸ், எல்லாம் ஆச்சு. மாட்டி, தெய்வானை நெஞ்சோட சேர்த்துக் கட்டினாங்க. கொஞ்ச நேரம் போச்சு. இன்னும் கொஞ்சம் போச்சு. திடீர்னு, ஙேஏஏஏ! லைன் வீடே எழுந்து நின்னுச்சு. பால் கேட்டு அழுத அழுகை, குட்டி! தெய்வானை சிரிக்கிறா, அழுவுறா. சளப் சளப்னு பால் குடிச்சா குழந்தை.

ம்? ம்... சரி, இன்னும் கொஞ்சந்தான்.

சொன்னபடி நர்ஸம்மா வந்தாங்க, தராசுல படுக்க வச்சாங்க. "நூறு கிராம் ஏறியிருக்கு!" அப்புறம் திரும்பி முத்தாயியைப் பார்த்துட்டு, "என்ன பெரியம்மா, ஸ்வெட்டர்ல ஒரு கையைக் காணோம்?"னு கேட்டாங்க.

முத்தாயி நிமிர்ந்து உக்காந்தா. "என் பேத்தி போட்டிருக்கா. என் மருமக பின்னினது. இந்த மலையில அவளை மாதிரி பின்ன ஆளு கிடையாது. அவ எங்க வீட்டுக்கு வந்தது நாங்க செஞ்ச புண்ணியம்."

சமையலறையில இருந்த வைரமணி அதைக் கேட்டா. பத்து வருஷத்துல முதல் தடவை. கண்ணுல தண்ணி. புகைனு சொல்ல முடியாது, அடுப்பு அணைஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு.

"அந்தக் கையைத் திரும்பப் பின்னித் தரேன் அத்தே"ன்னு அப்புறம் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தா. முத்தாயி விடவே இல்ல. ஒரு கை ஸ்வெட்டரோடயே ஊரெல்லாம் சுத்தினா, யாராவது கேக்க மாட்டாங்களான்னு.

ம்? ... ம் காணோமே. சரி, கதைக்கு முடிச்சுப் போட்டாச்சு, நூலையும் அறுத்தாச்சு. தூங்குடி தங்கம்.