வெள்ளையடிப்புக்குப் பயந்த ஆடும் ஈக்கண்ணனும்

ஒரு ஊர்ல ஒரு ஆடு இருந்துச்சு. அதுக்கு வெள்ளையடிக்கிறவரைக் கண்டா ஆகாது. ம் கொட்டு குட்டி.

"ம்."

அந்த ஊர்த் தலைவர் வேதாசலம், கலெக்டர் வர்றாருன்னு அசையாம நிக்கிறதுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சிட்டிருந்தாரு. மரத்துக்கு அடிச்சாரு, அடிபம்புக்கு அடிச்சாரு. ஆடு பாத்துச்சு. நின்னா நமக்கும் அடிப்பாருன்னு எடுத்துச்சு ஓட்டம், தடதடதடன்னு! ஓடிப்போய் ஏரித் தூம்புக்குள்ள பூந்துருச்சு. தூம்புன்னா ஏரிக்கரைக்கு அடியில தண்ணி போற குகை. ஆடு போகும், ஆளு போக முடியாது.

அப்போ பாத்து மழை, சோன்னு. ஏரி ரொம்புது. தூம்போட ஏரிப் பக்கத்து மரக்கதவு கிறீச்... கிறீச்ங்குது. கதவு உடைஞ்சா தண்ணி மொத்தமும் தூம்புக்குள்ளதான். ஆட்டுக்காரி தங்கப்பொண்ணு, "ஐயோ என் ஆடு!"ன்னு அழுவுறா.

"ஆடு செத்துடுமா?"

செத்தா நான் எதுக்கு இந்தக் கதையைச் சொல்லப்போறேன்? ம் கொட்டு.

அப்போ ரேடியோ ரிப்பேர் பண்ற அஞ்சலை ஓடி வந்தா. கையில உள்ளங்கை அளவு ஒரு பறக்குற மெஷின். பேரு ஈக்கண்ணன். ரெண்டு பக்கமும் ஈ மாதிரி பொடிப்பொடிக் கண்ணு, நெத்தியில குட்டி லைட்டு. நீ பஸ்ல போறப்ப பக்கத்து மரம் விர்ருனு ஓடும், தூரத்து மலை மெதுவா நகரும்ல? அதான் ஈயோட கணக்கு. சுவரு வேகமா ஓடுற மாதிரி தெரிஞ்சா கிட்ட இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல ஓடுனா நடுவுல போறோம்.

அப்புறம் அஞ்சலை அதுல ஒரு கொத்து அகத்திக்கீரையைக் கட்டி விட்டா. ஙொய்ய்ங்! தூம்பு வாய்க்குள்ள போச்சு. டொம்! முட்டி விழுந்துச்சு. மறுபடி விட்டா. டொம்!

"என்னம்மா உன் ஈக்குக் கண்ணு தெரியலையா?"ன்னாரு தலைவரு.

அஞ்சலை உள்ள எட்டிப் பாத்தா. கை எட்டுற தூரம் வரைக்கும் ஒரே வெள்ளை!

"தலைவரே, தூம்புக்குள்ளயுமா அடிச்சீங்க?"

"கலெக்டர் குனிஞ்சு பாத்துட்டா?"

வெறும் வெள்ளையில என்ன ஓடும்? ஒண்ணும் ஓடாது. ஈக்குச் சுவரு இருக்கிறதே தெரியாது. அஞ்சலை சுத்திப் பாத்தா. கோயில் மதிலுக்குக் கலக்கி வச்ச காவி வாளி இருந்துச்சு. எடுத்தா, கோயில்ல அடிப்பாங்களே, அதே மாதிரி சரக் சரக்னு பட்டை போட்டா.

"இது தூம்பா கோயிலாம்மா?"

"ஈ போற ரோடு. வாளியைப் பிடிங்க!"

இப்போ விட்டா, ஙொய்ய்ய்ங்! காவி, வெள்ளை, காவி, வெள்ளைன்னு ஓடுது, நேரா நடுவுல போகுது! பட்டை முடிஞ்சதும் கரடுமுரடான கல்லு ஓடுது. வளைவு வந்துச்சு, சடக்குனு திரும்புச்சு. வவ்வால் படபடன்னு வந்துச்சு, விசுக்குனு விலகுச்சு. அப்புறம் இருட்டுல ரெண்டு கண்ணு. ம்மே!

ஆடு அகத்தியைப் பாத்துச்சு. எட்டுச்சு. ஈக்கண்ணன் பின்வாங்குச்சு. ஆடு ஒரு அடி, ஈக்கண்ணன் ஒரு அடி. அங்க கதவு கிறீச்... கிறீச்... மடார்! தண்ணி குபுகுபுன்னு தொரத்துது! ஆடு அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. கீரை போகுதேன்னு ஓடுது! ஓடு, ஓடு, ஓடு... தொபுக்குனு வெளிய குதிச்சுச்சு! பின்னாலயே தண்ணி!

தங்கப்பொண்ணு கட்டிப் பிடிக்கப் போனவ அப்படியே நின்னுட்டா. ஈரச் சுவத்துல உரசினதுல ஆட்டு மேல காவி, வெள்ளை, காவி, வெள்ளை. எதுக்குப் பயந்து ஓடுச்சோ அதைப் பூசிக்கிட்டு வந்து நிக்குது.

ஈக்கண்ணனுக்கு பேட்டரி தீருது. ஙொய்... ங்... இறங்கணும். எங்க இறங்க? மரம் வெள்ளை, பம்பு வெள்ளை, கரைக்கல்லு வெள்ளை. ஊர்லயே ஈ கண்ணுக்குத் தெரியிற எடம் ஒண்ணே ஒண்ணுதான். மெதுவா வந்து, ஆட்டு முதுகுல உக்காந்துச்சு.

ஆடு அசையவே இல்ல. வாயில கீரை.

குட்டி? ம் கொட்டு. குட்டி?

சரி. ஆடு பட்டிக்குப் போச்சு, ஈ றெக்கையை மடக்கிச்சு, கதையும் படுத்துடுச்சு. நீயும் தூங்கு.